அத்தைக்கு வந்த முதல் பொங்கல் வாழ்த்து

கல்யாணமாகித் தாயில்பட்டிக்கு வந்த புதிது. ஒரு நாள் பரணை ஒதுக்கும்போது ஒரு தகரப் பெட்டி கையில் கிடைத்தது. திறந்தால், உள்ளே கட்டுக் கட்டாகப் பொங்கல் வாழ்த்து அட்டைகள்! பொங்கி வழியும் பானை, கரும்பு, கொம்புக்கு வண்ணம் பூசிய காளைகள், ஏர் பிடித்த உழவர், அந்தக் காலத்து சினிமா நட்சத்திரங்கள்...

"அடேயப்பா! அத்தை, உங்களுக்கு இத்தனை பேர் வாழ்த்து அனுப்பியிருக்காங்களா?" என்று கேட்டேன்.

மாமியார் சிரித்தார். "எனக்கு யாரு தாயி அனுப்பப் போறா? பின்பக்கம் திருப்பிப் பாரு."

திருப்பினேன். ஒன்றில்கூட எழுத்து இல்லை, முத்திரை இல்லை. சிலவற்றில் ஓரம் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது. சிலவற்றில் ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறம் சரியாக விழாமல், காளைக்கு இரண்டு மூக்கு! இளவயதில் அத்தை சிவகாசியில் ஓர் அச்சகத்தில், பைண்டிங் பகுதியில் வேலை பார்த்தவர். பொங்கலுக்கு மாதக்கணக்கில் முன்பே அட்டைகளை மடிப்பதும், எண்ணிக் கட்டுவதும்தான் வேலை. கழித்துப் போட்டவற்றைக் கேட்டு வாங்கி வந்து பெட்டியில் சேர்த்திருக்கிறார்.

"ஊருக்கெல்லாம் மடிச்சுக் கொடுத்தேன். எம் பேருக்குன்னு ஒண்ணு வந்ததில்ல" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வெயில் அடிக்குது என்கிற மாதிரி சொன்னார். ஆனால் அந்தச் சொல் என் மனசில் முள்ளாகத் தைத்துவிட்டது.

நான் காகித வாழ்த்து செய்யக் கற்றுக்கொண்டது அதற்காகத்தான். கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் ஊரில் காகிதம் ஏன் இத்தனை?

தாயில்பட்டி விருதுநகர் மாவட்டத்தில், வெம்பக்கோட்டை தாலுகாவில் இருக்கிறது. வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் வெள்ளாமை இல்லை. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அந்தத் தொழில் வேரூன்றியது. பின்னாலேயே பட்டாசும் வளர்ந்தது. தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். பட்டாசுக் கட்டு என்றால் கண்ணைப் பறிக்கும் மேலுறை வேண்டும். அதற்காக வந்த அச்சகங்கள் பிறகு காலண்டர், டைரி, வாழ்த்து அட்டை என்று பெருகின. பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள், இங்கே அச்சாகிக் காலண்டராக நாடெங்கும் சுவரில் தொங்கின. கொண்டைய ராஜு 1976-இல் காலமானார். அந்தப் படங்களை இன்றும் எத்தனையோ வீட்டுப் பூஜை அறைகளில் பார்க்கலாம்.

1970, 80-களில் பொங்கல் வந்தால் தபால்காரர் பை நிறைய வாழ்த்து அட்டைகள்தாம். பிறகு போன் வந்தது, செல்போன் வந்தது, வாட்ஸ்அப் வந்தது. இப்போது ஒரே படம் நூறு பேருக்குப் போகிறது. நூறு பேரும் அதை அடுத்த நூறு பேருக்குத் தள்ளிவிடுகிறார்கள். யாராவது அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்களா, சொல்லுங்கள்!

ஒரு சிறுமி செய்த வாழ்த்து

அச்சடித்த கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1843-இல், லண்டனில். ஹென்றி கோல் என்பவருக்குப் பண்டிகை சமயத்தில் எல்லாருக்கும் கடிதம் எழுத நேரமில்லை. ஓவியரிடம் சொல்லிப் படம் வரையச் செய்து அச்சிட்டார். மீந்தவற்றை ஆளுக்கொரு ஷில்லிங் விலையில் விற்றார்கள். ஆக, அச்சு வாழ்த்து பிறந்ததே நேரமில்லாதவர்களுக்காகத்தான்!

எனக்குப் பிடித்த கதை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். செக்கோஸ்லோவாகியாவில் ஒரு கிராமத்துக் குழந்தைகளுக்கு யுனிசெஃப் உதவி செய்தது. அதற்கு நன்றியாக யிட்கா சாம்கோவா என்ற 7 வயதுச் சிறுமி, குழந்தைகள் கம்பத்தைச் சுற்றி ஆடுவதுபோல் ஒரு படம் வரைந்தாள். வரையக் காகிதம் கிடைக்காமல் கண்ணாடியில் தீட்டினாளாம். 1949-இல் யுனிசெஃப்பின் முதல் வாழ்த்து அட்டையில் அச்சானது அந்தப் படம்தான். ஒரு குழந்தை கையால் செய்த நன்றிக்கு எவ்வளவு மதிப்பு பாருங்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை

என் மகளும் நானும் முதல் தடவை உட்கார்ந்தபோது, பக்கத்து வீட்டு மதினி ஒரு கட்டு ஜிகினாத் தாள் கொண்டுவந்து கொடுத்தாள். "பூப் போட்டு நல்லாருக்கு, பிள்ளைக்கு ஆகும்" என்றாள். அத்தை அதை வாங்கி, ஒரு தாளை விரித்துப் பார்த்தார். உள்பக்கம் மெல்லிய சாம்பல் நிறப் பொடி. அவர் முகமே மாறிவிட்டது. "இது எங்க கிடந்தது?" என்று கேட்டார். பட்டாசு வேலை நடந்த இடத்தில் கிடந்தது என்றதும், ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கினார். கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினார்.

"வீட்டுக்குள்ள காயிதம் வரலாம் தாயி. மருந்து வரக் கூடாது" என்றார்.

எங்கள் வட்டாரத்துக்கு இது வெறும் புத்திமதி இல்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்திலும் ஆலைகளில் நடந்த விபத்துகளில் எத்தனை குடும்பங்கள் இருண்டன! 2021 ஜூனில் தாயில்பட்டியிலேயே, வீட்டில் வைத்துச் செய்த பட்டாசு வெடித்து, குழந்தை உட்பட உயிர்கள் போயின. உரிமம் இல்லாமல் பட்டாசோ கருந்திரியோ செய்வது சட்டப்படி குற்றம். அடுப்பெரிகிற, பிள்ளை தவழ்கிற வீட்டில் அதைச் செய்வது குற்றத்துக்கும் மேலே.

அதனால் காகிதம் சேர்க்கும்போது இவற்றை மறக்காதீர்கள்:

பட்டாசு வேலை நடக்கும் இடத்தில் கிடந்த தாள், குழாய், உறை எதுவும் வேண்டாம். வெடிக்காத பட்டாசைப் பிரித்து மேலுறையை எடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். ஆலை வேலைக்குப் போய்வருபவர்கள் குளித்து, உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்கட்டும், காகிதத்தைத் தொடட்டும்.

பயமில்லாமல் எடுக்கக் கூடியவை ஏராளம்: போன வருஷக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பரிசுப் பொருள் சுற்றி வந்த தாள், புடவைப் பெட்டி அட்டை, பிள்ளைகளின் பழைய நோட்டு அட்டை. அச்சக ஊர்க்காரர்களுக்கு ஓரத்தில் வெட்டித் தள்ளும் துண்டுகள் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள்.

தேவையான பொருட்கள்

கெட்டிச் சார்ட் தாள், பூப் போட்ட காகிதங்கள், இரும்பு ஸ்கேல், பென்சில், கத்தரிக்கோல், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, ஒரு ஸ்பூன், பசை. அவ்வளவுதான்!

பசை: இரண்டு மேஜைக்கரண்டி மைதாவைக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். மொத்தம் ஒரு டம்ளர் தண்ணீர் ஆகும்படி சேர்த்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருங்கள். வெண்மை மாறிக் கண்ணாடிபோல் வந்ததும் இறக்கி ஆறவிடுங்கள். எங்கள் பக்கம் தீப்பெட்டி ஒட்டும் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். நீங்கள் கலக்காதீர்கள். மயில்துத்தம் விஷம். குழந்தை பசை விரலை வாயில் வைக்கும். அன்றன்றைக்குப் புதிதாகக் காய்ச்சிக்கொள்வதே நல்லது.

காகிதத்துக்கும் ஓட்டம் உண்டு

இது அத்தை சொல்லிக் கொடுத்த ரகசியம். துணிக்கு நூலோட்டம் இருப்பதுபோல ஆலையில் செய்த காகிதத்துக்கும் ஓட்டம் உண்டு. தாளை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, அந்த வளைவின் போக்கில்தான் ஓட்டம். துண்டைக் கிழித்தாலும் தெரியும். ஓட்டத்தோடு கிழித்தால் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணிக்கொண்டு போகும். மடிப்பு எப்போதும் ஓட்டத்தோடு இருக்க வேண்டும். மாற்றி மடித்தால் மடிப்பில் வெடிப்பு விடும். அட்டையும் நிமிர்ந்து நிற்காது.

ஏ4 அளவுத் தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. நீளம். நீளத்தின் நடுவில் வெட்டினால் இரண்டு துண்டு. ஒவ்வொரு துண்டையும் நடுவில் மடித்தால் 10.5 செ.மீ.க்கு 14.8 செ.மீ. அளவில் வாழ்த்து அட்டை தயார். மடிக்குமுன் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு கிழியுங்கள். பிறகு மடித்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் தேயுங்கள். கடையில் வாங்கினது மாதிரி இருக்கும்.

மூன்று மாதிரிகள்

ஒட்டு வாழ்த்து: பூத் தாளை 9.5 செ.மீ.க்கு 13.8 செ.மீ. வெட்டி முகப்பில் ஒட்டுங்கள். சுற்றிலும் அரை செ.மீ. வெள்ளைக் கரை நிற்கும். புடவைக்குக் கரை எப்படியோ, அப்படி இதற்கு அந்த வெள்ளை. பசையை மெல்லிய தாளின்மேல் தடவி, ஒரு நிமிஷம் விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி ஒட்டினால் சுருக்கம் விழாது. இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள்.

பின்னல் வாழ்த்து: அட்டையின் முகப்பில் மட்டும், ஓரத்தில் ஒன்றரை செ.மீ. விட்டு, ஒரு செ.மீ.க்கு ஒன்றாகப் பிளவுகள் வெட்டுங்கள். இரண்டு நிறத் தாள்களை ஒரு செ.மீ. அகல நாடாக்களாக வெட்டி, ஓலைப்பாய் பின்னுவதுபோல் ஒன்று மேலே ஒன்று கீழே என்று கோத்து நுழையுங்கள். நாடா நுனிகளை உள்பக்கம் ஒட்டி, அதை ஒரு வெள்ளைத் தாளால் மூடுங்கள். தீப்பெட்டி லேபிள் அகலத்துத் துண்டுகளைக்கூட இதில் வீணாக்காமல் தீர்க்கலாம்.

ஜன்னல் வாழ்த்து: ஒரு துண்டுத் தாளை இரண்டாக மடித்து, பாதிப் பானை வரைந்து வெட்டினால், விரிக்கும்போது முழுப் பானை வரும். அதை முகப்பில் வைத்துச் சுற்றி வரைந்து, உள்பகுதியை வெட்டி எடுங்கள். பின்னால் பூத் தாளை ஒட்டினால் பூப் போட்ட பானை ஜன்னல் வழியாகத் தெரியும். பொங்கலுக்குப் பானை, கார்த்திகைக்கு அகல் விளக்கு, வளைகாப்புக்கு வளையல், பிறந்த நாளுக்குக் கிலுகிலுப்பை... உங்கள் கற்பனைக்கு விட்டுவிடுகிறேன்.

பூத் தாளை நீங்களே செய்யலாம்

நல்ல தாள் கிடைக்கவில்லையா? கவலையே வேண்டாம். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறையில், நீர்மேல் வண்ணம் மிதக்கவிட்டு மேகம்போலப் பூவோட்டம் எடுக்கிறார்கள். அதற்குப் பழக்கம் வேண்டும். நமக்கு அதைவிட எளிய வழி இருக்கிறது. ஐரோப்பாவில் புத்தகம் கட்டுகிறவர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்தது அது.

மேலே சொன்ன மைதாப் பசையில் கொஞ்சம் போஸ்டர் கலர் கலந்துகொள்ளுங்கள். வெள்ளைத் தாளை ஈரத் துணியால் ஒற்றி, பசையைப் பிரஷ்ஷால் சீராகத் தடவுங்கள். ஈரம் காயுமுன், ஒரு பழைய சீப்பை எடுத்து நெளிநெளியாக இழுங்கள். சீப்புப் போன இடமெல்லாம் அலை அலையாகக் கோடு எழும்! விரலால் புள்ளி வைத்து இழைக்கோலமும் போடலாம். பிடிக்கவில்லை என்றால், பிரஷ்ஷால் தடவி அழித்துவிட்டு மறுபடி போடலாம். காய்ந்ததும் பின்பக்கமாக இளஞ்சூட்டில் இஸ்திரி போடுங்கள். மஞ்சள்தூள் கலந்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெளிச்சம் பட்டுச் சீக்கிரம் வெளுத்துவிடும்.

உறையும் தபாலும்

ஏ4 தாளில் 21 செ.மீ. சதுரம் வெட்டுங்கள். வாழ்த்தை மூலைவாட்டில் நடுவே வைத்து, இடது, வலது மூலைகளை மடித்து, கீழ் மூலையை மேலே மடித்து ஒட்டுங்கள். மேல் மூலைதான் மூடி. சுற்றிலும் ஒரு நெல் அளவு இடம் விட்டு மடித்தால்தான் வாழ்த்து தாராளமாக உள்ளே போகும். சாதாரணக் கடிதத்துக்கு 20 கிராம் வரை முதல் கட்டணம். நான் சொன்ன அளவில் செய்தால் பெரும்பாலும் அதற்குள் அடங்கும். ஜிகினா, மணி என்று ஏற்றினால் எடை கூடும். தபால் ஆபீஸில் நிறுத்துப் பார்த்து ஒட்டுங்கள்.

அம்மாக்கள் கவனத்துக்கு

கத்தரிக்கோலின் முனை மழுங்கியதாக இருந்தால் பிள்ளையிடம் கொடுங்கள். பிளேடு அம்மாவின் கையில் மட்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் மணி, கண்ணாடிச் சில்லு வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். தரையில் குனிந்தே இருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி உட்காருங்கள்.

"இதில் வருமானம் உண்டா?" என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகவே சொல்கிறேன். ஆலைக் கூலிக்கு இது ஈடாகாது. ஒரு பின்னல் வாழ்த்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அச்சு அட்டையோடு விலையில் போட்டி போட முடியாது. தெரிந்தவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்து, இருபது என்று கேட்டால் செய்து கொடுக்கலாம். அந்தக் காசு பிள்ளையின் நோட்டுச் செலவுக்கு ஆகும். மற்றபடி இது காசுக்கான வேலை இல்லை.

உள்ளே என்ன எழுதுவது?

'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்' என்று மட்டும் எழுதினால் அச்சு அட்டையே போதுமே! அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயத்தை எழுதுங்கள். 'நீங்க வெச்ச முருங்கை இந்த வருஷம் காய்ச்சிருக்கு' என்று ஒரு வரி போதும். படித்தவர் அதைத் தூக்கி எறிய மாட்டார்.

இனி அத்தை கதைக்கு வருகிறேன். அந்தப் பொங்கலுக்கு என் மகள் ஒரு ஜன்னல் வாழ்த்து செய்தாள். பானைக்குப் பின்னால் எந்தத் தாள் தெரியுமா? அத்தையின் தகரப் பெட்டியில் இருந்த இரண்டு மூக்குக் காளைதான். அவர் அனுமதியோடு வெட்டவில்லை என்பதால் எனக்குக் கொஞ்சம் பயம். உறைமேல் அத்தையின் முழுப் பெயரும் வீட்டு விலாசமும் எழுதி, ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் போட்டோம். ஒரே வீட்டிலிருந்து அதே வீட்டுக்கு!

போகிக்கு முந்தின நாள் தபால்காரர் வாசலில் நின்று அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அத்தை அடுப்படியிலிருந்து, "யாருக்கு?" என்றார். "உங்களுக்குத்தான் ஆச்சி" என்றதும், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து வாங்கினார். அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் மடிப்பைத்தான் முதலில் பார்த்தார். கட்டை விரலால் தடவி, "ஓட்டம் பார்த்து மடிச்சிருக்கா" என்றார். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு, "வாசி தாயி" என்றார்.

அவள் எழுதியிருந்தது இரண்டே வரி. 'அப்பத்தா, நீ எத்தனையோ பேருக்கு மடிச்ச. இது உனக்கு நான் மடிச்சது.'

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தேன். அந்த வாழ்த்து தகரப் பெட்டிக்குள் இல்லை. சாமி படத்துக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஊருக்கெல்லாம் உழைத்து, தன் பெயருக்கு ஒரு தபாலும் வராத ஒருவர் இருப்பார். அவருக்கு ஒன்று செய்து அனுப்புங்களேன்!